ஊர்ப்பெயரைச் சுவரில் மீட்பது: ஒரு சுவரோவிய வேலையை முதலிலிருந்து செய்து முடிக்கும் வழி

சென்னையில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது விலாசத்தை மாற்றி எழுதுகிறவர்கள் இருந்தார்கள். கண்ணகி நகர் என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து, வெறுமனே துரைப்பாக்கம் என்று போடுவார்கள். இல்லாவிட்டால் சொந்தக்காரர் வீட்டு விலாசம். நகருக்குள் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களை 2000-இல் தொடங்கி ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், இந்தக் கண்ணகி நகரில் கொண்டுபோய் வைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குடும்பங்களும் அங்கே வந்து சேர்ந்தன. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். செய்தித்தாளில் அந்தப் பெயர் வந்தால் பெரும்பாலும் குற்றச் செய்தியாகத்தான் வரும். நீதி கேட்டு அரசவைக்குள் நுழைந்தவளின் பெயரை ஒரு இடத்துக்கு வைத்துவிட்டு, அதைச் சொல்லவே வாய் கூசும்படி ஆக்கிவைத்திருந்தோம்.

2020 தொடக்கத்தில் அந்தக் குடியிருப்பின் பக்கச் சுவர்களில் சாரம் ஏறியது. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடு செய்த வேலை அது. சென்னையைச் சேர்ந்த ஏ-கில் என்ற ஓவியர் சிரிக்கிற இரண்டு குழந்தைகளின் முகத்தை மாடி உயரத்துக்கு வரைந்தார். அதுவரை செய்தி சேகரிக்க மட்டுமே அங்கே போனவர்கள், படம் பார்க்கப் போனார்கள்.

இதற்கு முன்னோடி என்று எல்லோரும் கைகாட்டுவது கனடாவில் வான்கூவர் தீவில் உள்ள செமேனஸ் என்ற சின்ன ஊரை. மரம் அறுக்கும் ஆலைதான் அந்த ஊருக்குச் சோறு. 1980-களின் தொடக்கத்தில் ஆலை ஆட்டம் கண்டு, 1983-இல் மூடியே விட்டார்கள். அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, 1982-இல், ஊர் முதல் ஐந்து சுவரோவியங்களை வரைந்து வைத்திருந்தது. கார்ல் ஷூட்ஸ் என்ற உள்ளூர் வியாபாரிதான் அந்த யோசனையைப் பிடித்துத் தொங்கியவர். 1971-இல் ருமேனியாவில் வெளிச்சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய பழைய மடாலயங்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். இன்று அங்கே 40-க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் இருக்கின்றன.

நான் சின்ன அளவில் சில சுவர்களில் வேலை செய்திருக்கிறேன். இதே மாதிரி உங்கள் ஊரிலோ தெருவிலோ செய்ய நினைத்தால் எதை முதலில் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: படத்தைப் பற்றிப் பேசாமல் ஆரம்பியுங்கள்

முதல் ஒரு மாதம் பிரஷ்ஷைத் தொட வேண்டாம். டீக்கடை, ரேஷன் கடை வரிசை, தண்ணீர் லாரி நிற்கும் இடம், சாயங்காலம் பெண்கள் உட்கார்ந்து பேசும் மாடிப்படி, இங்கேதான் உங்கள் வேலை. "சுவரில் என்ன வரையலாம்?" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். கேட்டால் மூன்றே பதில் வரும்: இயற்கைக் காட்சி, அப்துல் கலாம், மரம் வளர்ப்போம். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் படத்தை எந்த ஊர்ச் சுவரிலும் கொண்டுபோய் வைக்கலாம்.

நான் கேட்பது வேறு மூன்று கேள்விகள். வெளியூரில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இங்கே முன்னால் இருந்து இப்போது இல்லாமல் போனது எது? வெளியாட்கள் இந்த இடத்தைப் பற்றி என்ன தப்பாக நினைக்கிறார்கள்? முதல் கேள்விக்கு வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். பக்கத்துப் பெரிய ஊரின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறார்களா? அப்படியென்றால் உங்கள் சுவருக்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்குத்தான் சரக்கு கொட்டும். நின்றுபோன மில்லின் சங்கு, தறிச் சத்தம், மூடிய தியேட்டர், கமலை ஓடிய கிணறு, தோணித்துறை. செமேனஸ் பிடித்துக்கொண்டதும் இந்த நூலைத்தான். மரம் வெட்டியவர்கள், நீராவி இயந்திரம் வைத்து மரம் இழுத்தவர்கள், ஆலை, ரயில் என்று தன் சொந்தக் கதையையே சுவரில் ஏற்றியது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சத்தமாகப் பேசுகிறவர்களின் நினைவுதான் ஊரின் நினைவு என்று ஆகிவிடும். எந்தத் தெருவுக்கு நீங்கள் போகவில்லை, எந்தத் தெருக்காரர்கள் கூட்டத்துக்கு வரவில்லை என்று தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம் ஊர்களில் அது எந்தத் தெருவாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செமேனஸில் ஒரு சுவரில் ஜப்பானிய வம்சாவளிச் சிறுவன் ஒருவன் சாரணர் உடையில் நிற்கிறான். வெள்ளையர்களின் சாரணர் படையில் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அஞ்சல் வழியில் தனியாகப் படித்துச் சாரணனாகி, பிறகு ஜப்பானியப் பிள்ளைகளுக்கென்றே ஒரு படையைத் தொடங்கினான். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், கடற்கரையோரம் வாழ்ந்த ஜப்பானியக் கனடியர்கள் அத்தனை பேரையும் அரசு வெளியேற்றியது. ஊர் தன் பெருமையோடு சேர்த்துத் தன் தவறையும் வரைந்திருக்கும் அந்தச் சுவர்தான், என்னைக் கேட்டால், அங்கே உள்ளதிலேயே நேர்மையானது.

படி 2: சுவரைத் தேடுவது

சுவருக்கு மூன்று சோதனை. யார் கண்ணில் படும், யாருக்குச் சொந்தம், உள்ளே ஈரம் இருக்கிறதா.

கண்ணில் படுவது சுலபம். பஸ் ஜன்னலில் உட்கார்ந்து ஊருக்குள் ஒரு முறை வாருங்கள், தெரிந்துவிடும். ஆனால் ஊருக்குள் இருப்பவர்கள் தினமும் பார்க்கும் சுவர் ஒன்றும் பட்டியலில் இருக்கட்டும். மெயின் ரோட்டில் மட்டும் வரைந்தால் அது விருந்தாளிக்குப் போட்ட கோலம்.

சொந்தம் யார் என்பதில் அவசரப்படாதீர்கள். தனியார் வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். வாடகைக்கு இருப்பவரின் சம்மதம் மட்டும் போதாது. அரசுக் கட்டடம் என்றால் அந்தத் துறை, உள்ளாட்சி, இரண்டிடமும் எழுத்தில் அனுமதி. பொதுவிடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு வரைந்தேன் என்பது அனுமதிக் கடிதம் ஆகாது. அப்புறம், சட்டத்தில் இல்லாத இன்னொரு உரிமையாளர் உண்டு. சுவரின் மூலையில் ஒரு கட்சியின் பெயர் போட்டு "முன்பதிவு" என்று எழுதியிருக்கும். அந்தக் கிளைச் செயலாளரை நேரில் பார்த்து, "அண்ணே, இந்தச் சுவர் ஊருக்கு வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் விட்டுக்கொடுக்கிறார்கள். கேட்காமல் அடித்தால்தான் தேர்தல் நேரத்தில் உங்கள் ஓவியத்தின் மேல் சின்னம் வந்து உட்காரும்.

ஈரம்தான் என்னை ஏமாற்றியது. ஒரு பள்ளியின் சுற்றுச்சுவர். பார்க்க நல்ல சுவர். அடியில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு லேசாக வெள்ளை பூத்திருந்தது. கையால் தட்டினால் உதிர்ந்தது, துடைத்துவிட்டு அடித்தோம். நான்கே மாதத்தில் படத்தில் இருந்த பாட்டியின் சேலைக் கரை முழுக்க அப்பளம் மாதிரி எழும்பி உரிந்தது. பிள்ளைகள் நகத்தால் கிள்ளிக் கிள்ளி மீதியையும் எடுத்துவிட்டார்கள். ஓதம் ஏறும் சுவர் அது. பின்பக்கம் சாக்கடை கசிந்துகொண்டிருந்தது.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன். இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுகிறேன். உள்பக்கம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் வேண்டாம், அல்லது கசிவை அடைத்த பிறகு பார்க்கலாம். அடுத்து, சுவர் முழுக்க ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் பூச்சு பிடிப்பாக இருக்கிறது. பொள்ளென்று கேட்கும் இடத்தில் கொத்தனாரை விட்டுக் கொத்திப் புதிதாகப் பூசிவிடுங்கள். புதிய பூச்சு என்றால் நீராற்றி, 28 நாளாவது காயவிடாமல் மேலே எதுவும் அடிக்கக் கூடாது. சிமெண்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும்.

அந்தச் சாக்கடையைச் சரிசெய்யச் சொல்லி மனுக் கொடுப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். கண்ணகி நகர் மாதிரி இடங்களில் வரும் நியாயமான குறை இது: தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் ஒழுங்காக இல்லாத இடத்தில் சுவருக்கு மட்டும் வர்ணம் எதற்கு? கேட்கிறவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களையே கூட்டிக்கொண்டு வார்டு கவுன்சிலரிடம் போங்கள். ஓவியத்துக்கு அனுமதி தர அதிகாரி சுவர் வரைக்கும் வருவார் அல்லவா, அன்றைக்குக் குழாயையும் காட்டிவிடலாம்.

படி 3: வரைவும் சண்டையும்

சேகரித்த கதைகளிலிருந்து மூன்று வரைவு போடச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று காட்டினால் மக்கள் மரியாதைக்கு "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்று இருந்தால்தான் வாய் திறக்கும். எந்தச் சுவரில் வரப்போகிறதோ அதன் எதிரிலேயே, பெரிதாக அச்சடித்து, ஒரு வாரம் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் கயிறு கட்டிய பேனாவும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள சாயங்காலம் ஒரு ஆள்.

தமிழ்நாட்டில் நிறம் வெறும் நிறமாக இருப்பதில்லை. கறுப்பையும் சிவப்பையும் அடுத்தடுத்துப் பட்டையாக வைத்தால் அது கரைவேட்டி. சில ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்துக்கே சாதி உண்டு. வெளியூர் ஓவியருக்கு இது தெரியாது. உள்ளூர்க்காரர் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடுவார். வரைவை வண்ணத்தோடு காட்டுவது இதற்காகத்தான். பென்சில் படத்துக்குச் சம்மதம் வாங்கிவிட்டுப் பிறகு வண்ணத்தில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

உயிரோடு இருப்பவரின் முகம் என்றால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், குழந்தை என்றால் பெற்றோருடையது. முப்பதடி முகத்தோடு ஒருவர் தினமும் அதே தெருவில் நடக்க வேண்டும் என்பதை அவருக்குப் புரியவையுங்கள். சாமி படம் வரையச் சொல்லி ஒருவர் நிச்சயம் கேட்பார், சுவரோரம் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க. அது சாமிக்கும் நல்லதில்லை, ஓவியத்துக்கும் நல்லதில்லை. ஒரு விளக்குப் போட்டால் பாதி குறைந்துவிடும்.

படி 4: கணக்கு

40 அடி அகலம், 30 அடி உயரம் என்றால் 1,200 சதுர அடி. வெளிச்சுவர் எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 சதுர அடி வரும். ஆக அடிப்படை நிறத்துக்கே 24 லிட்டர். பிரைமர் ஒரு கோட், லிட்டருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் 12 லிட்டர். சொரசொரப்பான சுவர் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். மூன்றில் ஒரு பங்கு சேர்த்தே வாங்குங்கள். படத்துக்கான வண்ணங்கள் தனி. எந்த நிறக் கலவையானாலும் அதன் கலவை எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த வருடம் ஒட்டுப்போடும்போது அந்த எண்தான் கைகொடுக்கும். வெளிச்சுவருக்கு உள்சுவர் எமல்ஷனை வாங்கி மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சிவப்பு, மஞ்சளில் பளிச்சென்று இருக்கும் வகைகள் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். காவி, செம்மண் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் நின்று பேசும். மேற்கு பார்த்த சுவர் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

கூலியில் கை வைக்காதீர்கள். "ஊருக்காகத்தானே, சும்மா செய்யுங்கள்" என்று ஓவியரிடம் கேட்கும் அதே ஆள் சாரக்காரரிடம் அப்படிக் கேட்பதில்லை. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு சுவரிலும் சுவர் விளம்பரம் எழுதிப் பழகிய உள்ளூர்க் கையொன்றைச் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்வேன். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் தொழிலை அடித்துக்கொண்டு போயிற்று. இருபதடி எழுத்தைக் கீழே இறங்கிப் பார்க்காமலேயே நேராக எழுதும் கை அது. ஓவியக் கல்லூரி முடித்து வந்த பிள்ளைகள் அரை நாள் அளந்துகொண்டிருந்த வளைவை, ஒரு பெரியவர் தோளை மட்டும் அசைத்து ஒரே இழுப்பில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் பீடி பற்றவைக்க இறங்கிவிட்டார்.

படி 5: காலம், சாரம், பாதுகாப்பு

கிழக்குக் கடலோரத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். சுடுகிற சுவரில் வண்ணம் வைத்தவுடன் காய்ந்து பிரஷ் தடம் தெரியும். கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேல், மேற்குச் சுவரைக் காலையில் செய்யுங்கள்.

சவுக்குக் கம்புச் சாரம் போதும் என்றாலும், கட்டுகிறவர் அதையே தொழிலாகச் செய்பவராக இருக்கட்டும். மேலே ஏறும் எல்லோருக்கும் பெல்ட், ஹெல்மெட். மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, வேலை நடக்கும் நேரம் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். "நாங்க பாத்துக்கறோம்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பிள்ளைகளைச் சாரத்தில் ஏற்றக் கூடாது. அடியிலிருந்து ஐந்தடி உயரம் அவர்களுடையது என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். உயரத்திலும் அவர்கள் கை பட வேண்டும் என்றால் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் முறை ஒன்று இருக்கிறது. 1984-இல் சுவர்க் கிறுக்கலைத் தடுக்கும் திட்டமாகத் தொடங்கி, பின்னால் பெரிய சுவரோவிய இயக்கமாக வளர்ந்தது அது. அங்கே மெல்லிய துணியில் எண் போட்டுக் கட்டங்களை வரைந்து கொடுத்துவிடுவார்கள். பள்ளி, முதியோர் மையம், சிறை என்று பல இடங்களில் உட்கார்ந்து வண்ணம் நிரப்புவார்கள். பிறகு துணியைச் சுவரில் பசை போட்டு ஒட்டுவார்கள். படியேற முடியாத பாட்டியும் தன் கட்டம் எதுவென்று விரலை நீட்டிக் காட்டலாம்.

படி 6: சுவரில் ஏற்றுவது

உப்புத்தாள் தேய்த்து, கழுவிக் காயவைத்து, பள்ளத்தில் வெளிச்சுவர்ப் பட்டி பார்த்து, பிரைமர், பிறகு அடிப்படை நிறம். படத்தைப் பெரிதாக்க மூன்று வழி. பழைய வழி கட்டம் போடுவது. தாளில் ஒரு அங்குலத்துக்குச் சுவரில் ஒரு அடி, நீலப் பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டினால் கோடு விழும். இரண்டாவது, இரவில் ப்ரொஜெக்டர். எதிரில் இடமும் தெருவிளக்கை அணைக்க ஆளும் வேண்டும். மூன்றாவது இப்போது பலர் செய்வது: சுவர் முழுக்கக் கண்டபடி சுழி, எண், எழுத்து என்று கிறுக்கிவிட்டு, அதைப் படம் எடுத்து, போனில் அந்தக் கிறுக்கலின் மேல் வரைவைப் பாதி தெரியும்படி வைத்துக்கொள்வது. "மூக்கின் நுனி 7-க்குப் பக்கத்தில், காது சுழியின் மேல்" என்று பார்த்துப் பார்த்து வரையலாம். ஒரு எச்சரிக்கை: அந்தக் கிறுக்கலைப் பார்த்துவிட்டு, நல்ல சுவரை நாசம் செய்கிறீர்கள் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். முதல் நாளே தெருவில் சொல்லிவிடுங்கள்.

வேலையை மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள். சொட்டும் வண்ணம் முடித்த இடத்தில் விழாது. முகம் இருந்தால் கண்ணைக் கடைசிக்கு வையுங்கள். தெரு முழுக்கக் கூடும், அன்றைக்கு டீ நீங்கள் வாங்கித் தர வேண்டும்.

படி 7: கையெழுத்தும் காகிதமும்

படம் முடிந்த பிறகு போடலாம் என்று தள்ளும் ஒப்பந்தம் போடப்படுவதே இல்லை. ஆரம்பிக்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ஓவியர் பெயர் எங்கே வரும், உதவியவர்கள் பெயர் வருமா, நிறுவனச் சின்னம் வந்தால் எவ்வளவு பெரிதாக, படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, அழிக்க நேர்ந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகப் படைப்பாளிக்கு உரிமை தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் பெயர்த்து எடுத்துக் கிடங்கில் போட்டார்கள். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது.

மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கி, ஊர்க்காரர் இருவரின் கூட்டுக் கணக்கில் போட்டு வையுங்கள். போஸ்டர் ஒட்டினால் அன்றே ஈரத்துணியால் உரித்துவிட வேண்டும். ஒன்று நின்றால் மறுநாள் பத்து வரும்.

படி 8: திறப்பு விழாவுக்குப் பிறகு

செமேனஸில் நடைபாதையில் மஞ்சள் காலடித் தடங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு சுவராகப் பார்த்துவிடலாம். வழியில் கடைகள். வருகிறவர் காசு ஊருக்குள் விழ வேண்டும் என்றால் இப்படி ஒரு பாதை யோசித்து வையுங்கள். சுற்றிக் காட்டும் வேலையைப் படித்துக்கொண்டிருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் காசுக்குக் கொடுங்கள். கூடவே ஒரு பலகை: சுவரைப் படம் எடுக்கலாம், துணி காயப்போடும் பெண்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மக்கள் வாழும் இடம் காட்சிசாலையாகிவிடும் ஆபத்து உண்மையானது. படத்தைப் பார்க்க வருபவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் அந்தச் சுவரே சுமையாகிவிடும்.

பலன் என்ன என்று கேட்பார்கள். சுவரோவியத்தால் குற்றம் குறைந்தது, வேலை கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவி, ஊர் திரும்பியபோது எல்லோர் வாயிலும் "கண்ணகி நகர் கார்த்திகா"தான். அது அவர் உழைப்பும், அவரைப் பயிற்றுவித்தவர்களின் உழைப்பும். சுவர் அதில் பங்கு கேட்கக் கூடாது. ஆனால் ஒளித்து எழுதிய ஒரு விலாசம் பெயருக்கு முன்னால் பட்டம் மாதிரி வந்து நின்றது.

நான் செய்யும் சோதனை சின்னது. முதல் மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் சுவரைப் பார்க்கப் போவேன், எங்கே உரிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள. போகும்போது யாரிடமாவது அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு வழி கேட்பேன். போன முறை ஒரு மாவு மில் வாசலில் கேட்டேன். முன்பு அதே ஆள் "மூணாவது லைன், கக்கூஸ் தாண்டி" என்று சொன்னவர். இப்போது மாவு படிந்த கையைத் தூக்கிக் காட்டினார்: "எங்க சங்கரம்மா படம் போட்டிருக்குல்ல, அதுக்கு எதுத்தாப்ல."

சங்கரம்மாவின் சேலையில் இந்த முறை கரை உரியவில்லை. இடது முழங்கை அருகே மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு நிறம் வெளுத்திருக்கிறது. கலவை எண் நோட்டில் இருக்கிறது.